மணிக்கு மூன்று கிலோமீட்டர்

ஆயிரம் கெஜம் என்பது 914 மீட்டர். அவ்வளவு தூரத்தில் நிற்கும் இலக்கை, டெலஸ்கோப் பொருத்தாத ரைஃபிளின் சின்னத் துளை வழியே பார்த்து, குப்புறப் படுத்துச் சுட வேண்டும். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள பிஸ்லியில் ஜூலைதோறும் நடக்கும் கிங்ஸ் பிரைஸ் போட்டியின் இறுதிச் சுற்று இது. 300, 500, 600 கெஜத்தில் இரண்டு கட்டங்களைத் தாண்டி வந்த நூறு பேர் 900, 1,000 கெஜங்களில் தலா 15 முறை சுடுகிறார்கள். முழு மதிப்பெண் 150.

இங்கே வந்து சேர்ந்த யாருக்கும் குறிபார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாருடைய ரைஃபிளும் 7.62 மி.மீ.தான்; தோட்டாவும் ஒரே வகை. பிறகு முதலாமவரையும் ஐம்பதாமவரையும் பிரிப்பது எது? காற்று.

கணக்கைப் பாருங்கள். பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், ஆயிரம் கெஜத்தைக் கடப்பதற்குள் தோட்டா ஏறத்தாழ இரண்டரை மீட்டர் விலகிவிடும். ஐந்து புள்ளி தரும் நடுவட்டமோ இரண்டடி அகலம்தான். அப்படியென்றால், காற்றை வெறும் மூன்று கிலோமீட்டர் தப்பாக மதிப்பிட்டாலே தோட்டா வட்டத்துக்கு வெளியே போய்விடும். அந்த மூன்று கிலோமீட்டர் வித்தியாசம் கன்னத்தில் பட்டால்கூட உறைக்காது.

அதைக் கண்டுபிடிக்கக் கொடிகள் உண்டு. ஆனால் ஈரக் கொடி ஒரு மாதிரி பறக்கும், காய்ந்தது வேறு மாதிரி. நான் அதிகம் நம்புவது கானலை. பக்கத்தில் நிறுத்திய தொலைநோக்கியில் பார்த்தால், தரைக்கு மேலே கானல் நீரோடை மாதிரி ஒரு பக்கமாக ஓடும். ஓட்டம் நின்று நேர்மேலே கொதிக்கத் தொடங்கினால், காற்று திசை மாறப்போகிறது என்று அர்த்தம். விசையில் வைத்த விரலை அப்போது எடுத்துவிட வேண்டும்.

ஆனால் காத்திருக்கவும் நேரம் கொஞ்சம்தான். ஒரே இலக்கில் இருவரோ மூவரோ மாறி மாறிச் சுடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் சுட்டதும் இலக்கு கீழே இறங்கும். குழியில் இருப்பவர்கள் தோட்டா துளைத்த இடத்தில் ஒரு வட்டத் தகட்டைச் செருகி மறுபடி ஏற்றுவார்கள். அவருடைய புள்ளியை நீங்கள் உரக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு உங்களுக்கு 45 நொடி. சைட்டின் (குறிபார்க்கும் துளையின்) திருகில் ஒரு சொடுக்கு கால் நிமிடக் கோணம். ஆயிரம் கெஜத்தில் அது இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேல். எத்தனை சொடுக்கு என்பதை அதற்குள் முடிவுசெய்தாக வேண்டும்.

எதிராளியின் அந்தத் தகட்டைப் பலர் புள்ளிக்காக மட்டும் பார்க்கிறார்கள். அது பெரிய தவறு. சற்று முன் அடித்த காற்று என்ன செய்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அவர் நன்றாகச் சுடுபவர் என்றால், அவருடைய தோட்டா நமக்கு இலவசமாகக் கிடைத்த சோதனைத் தோட்டா.

கடல் கடந்து வருபவர்கள் அடிபடுவதும் காற்றைக் கணிப்பதில்தான். சுட்டெரிக்கும் வெயிலில், திறந்த வெளியில் பழகியவருக்குக் கானல் எப்போதும் கண்முன் இருக்கும். பிஸ்லியில் ஒரு மேகம் மறைத்தால் கானல் காணாமல் போகும்; அதுவரை கைகொடுத்த வித்தை பாதியில் கைவிட்டுவிடும். தனிநபர் போட்டியில் காதில் சொல்லவும் ஆள் கிடையாது. கோலாப்பூர் மன்னர் வழங்கிய கோப்பைக்காக 1871 முதல் நடக்கும் போட்டி, 1876இல் அமெரிக்காவின் கிரீட்மூரில் தொடங்கிய பால்மா போன்ற அணிப் போட்டிகளில் காற்றைப் பார்க்கவே பயிற்சியாளர் உண்டு. சுடுபவர் அசையாமல் விசையை இழுத்தால் போதும்.

உடல்பலம் இங்கே தீர்மானிப்பதில்லை என்பதை 1930இல் மார்ஜரி ஃபாஸ்டர் காட்டினார். ஆண்களோடு ஒரே வரிசையில் படுத்துச் சுட்டு, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இதே கிங்ஸ் பிரைஸை வென்ற முதல் பெண் அவர்.

வெளிநாட்டுப் போட்டிக்குக் கிளம்பும் இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். அந்த இரண்டு நாளும் ரைஃபிள் பெட்டியிலேயே இருக்கட்டும். தொலைநோக்கியும் நோட்டுப் புத்தகமுமாகச் சுடுகளத்தின் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் சுடச்சுட, எந்தக் கொடி எப்படி அசைந்தபோது தகடு எங்கே வந்தது என்று எழுதிக்கொண்டே இருங்கள்.