ஆங்கில ஆய்வுரையும் தமிழ் மாணவரும்: அழுத்தம் பற்றிய ஒரு மதிப்பீடு

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பல்கலைக்கழக மாணவர் கருத்தரங்குகளில் ஆங்கிலத்தில் உரை நிகழ்த்தும்போது எதிர்ப்படும் இடர்ப்பாடு பெரும்பாலும் ஒலிப்புக் குறையாகவே கருதப்படுகிறது. பயிற்சி நூல்கள் தனி ஒலிகளைத் திருத்த முனைகின்றன. எஞ்சிய பக்கங்களை உரையைத் தொடங்கவும் முடிக்கவும் மனப்பாடம் செய்யத்தக்க தொடர்களால் நிரப்புகின்றன. இவ்வணுகுமுறை எத்துணைப் பொருத்தமுடையது என்பது ஆராயத்தக்கது.

இந்தியச் சூழலில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் ஆர்.கே. பன்சால். ஐதராபாத்திலிருந்து 1969இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, இந்தியர் பேசும் ஆங்கிலம் பிரிட்டானியருக்கு விளங்காமற்போகும் இடங்களைத் தேடிச் சொல்லழுத்தப் பிறழ்ச்சியையும் தொடரின் ஒத்திசை வேறுபாட்டையும் முதன்மைக் காரணங்களாகக் காட்டியது. மாறாக, ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் வெளியிட்ட நூல் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் தமக்குள் பேசிக்கொள்வதை ஆய்வுப் பொருளாகக் கொண்டது. அவர் சொல்லழுத்தத்தை இன்றியமையாதவற்றுள் சேர்க்கவில்லை. உயிர் நெடுமை, சொன்முதல் வெடிப்பொலிகளின் மூச்சொலி, தொடரின் மைய அழுத்தம் ஆகியவற்றைச் சேர்த்தார்.

இவ்விரு முடிவுகளும் முரண்படுவனபோலத் தோன்றினும் கேட்போர் வேறாதலை மறத்தலாகாது. மைசூரில் கன்னடரும் வங்காளியரும் அமர்ந்த அவையில் பேசும் மாணவருக்கும் லண்டனில் நேர்காணலுக்குச் செல்லும் மாணவருக்கும் ஒரே பயிற்சி போதுமா? பயிற்சி நூல்கள் இவ்வினாவை எழுப்புவதே இல்லை. அவற்றின் பெருங்குறை இதுவே.

மூச்சொலியை எடுத்துக்கொள்வோம். தமிழர் 'பின்' எனும் ஆங்கிலச் சொல்லை மூச்சொலியின்றி உச்சரிக்க, ஆங்கிலேயர் செவி அதன் முதலெழுத்தை ஒலிப்புடைய பகரமாகக் கொள்வதுண்டு. தமிழில் மூச்சொலி இன்மையே இதற்குக் காரணம் என்பர். ஆனால் மூச்சொலியைத் தனி ஒலியனாகவே உடைய இந்தி பேசுவோரும் ஆங்கிலத்தில் அதனைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. எனவே தாய்மொழியில் ஓர் ஒலி உண்டா இல்லையா என்பதைவிட, கற்போர் அதனை எதனோடு இணைத்துக் காண்கின்றனர் என்பதே வலுவான காரணம்.

எனினும் உரை நிகழ்த்துதலுக்கு மிகுதியும் இன்றியமையாதது மைய அழுத்தமே. ஆங்கிலம் ஒரு தொடரில் புதிய செய்தி எது, முன்னர்க் கூறப்பட்டது எது என்பதைக் குரலின் அழுத்தத்தால் உணர்த்துகிறது. தமிழ் இதனைப் பெரிதும் இடைச்சொல்லால் உணர்த்துகிறது. தொல்காப்பிய இடையியல் ஏகாரத்தின் பொருள்களுள் பிரிநிலையையும் தேற்றத்தையும் கூறுவது நோக்கத்தக்கது. இக்காலத் தமிழில் அப்பணியைப் பெரும்பாலும் 'தான்' செய்கிறது. 'நேற்றுத்தான் முடிவு தெரிந்தது' என்று எண்ணும் மாணவர் 'எஸ்டர்டே ஒன்லி' என்கிறார். இதனைப் பிழையென்று அடித்துவிட்டு மேற்செல்லும் ஆசிரியர், மாணவரிடம் ஏற்கெனவே உள்ள ஒரு திறனை இழக்கச் செய்கிறார். மாணவர் எச்சொல்லைச் சிறப்பிக்க வேண்டும் என்பதைச் சரியாகவே அறிந்துள்ளார். அறியாதது ஆங்கிலம் அதனைச் சிறப்பிக்கும் வழியை மட்டுமே. திரையில் தோன்றும் வரிகளை எல்லாச் சொற்களுக்கும் ஒரே அளவு அழுத்தம் தந்து படிக்கும் உரைகள் அவையைச் சோர்வுறச் செய்வதற்கும் இதுவே பெருங்காரணம். கேட்போர் பழையதையும் புதியதையும் தாமே பிரித்தறிய நேர்கிறது.

இங்கு மொழிபெயர்ப்பாளரின் அனுபவம் பெரிதும் துணைசெய்யும். மாணவர் தம் ஆய்வின் ஒரு பத்தியைத் தமிழில் சொல்ல வைத்து, அதில் 'தான்', 'மட்டும்' ஆகியன அமைந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, ஆங்கில வடிவத்தில் அவ்விடங்களில் குரல் ஏறுமாறு பயிற்றலாம். 'வெப்பநிலைதான் உயர்ந்தது, அழுத்தம் உயரவில்லை' என்பதில் ஆங்கிலத்துக்குத் தனிச்சொல் எதுவும் தேவையில்லை. வெப்பநிலையைக் குறிக்கும் சொல்லில் அழுத்தம் விழுந்தால் போதும். இடைச்சொற்கள் யாவும் இவ்வாறு அமைவன அல்ல. எச்ச உம்மைக்கு ஆங்கிலத்தில் 'ஆல்சோ' முதலிய சொல்லும், 'ஆவது' என்பதற்கு 'அட் லீஸ்ட்' போன்ற தொடரும் வேண்டும். அங்கே அழுத்தம் மட்டும் அவற்றின் பொருளைத் தராது.