சூழலின் தலையில் பழி

யாரை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள் என்பது இன்றைய அறிவுலகின் பொதுப்புத்தி. அடக்கமாகத் தொனிக்கும் இந்தக் கூற்று, செய்தவனைக் காணாமலடித்துவிடுகிறது.

பழைய கதை தெரிந்ததுதான். மனித இயல்பை நல்லதென்றார் மென்சியஸ், சூன்சி மறுத்தார். தீமையை நன்மையின் இன்மையாகக் கண்டார் அகஸ்டின். ஹாப்ஸுக்கும் ரூசோவுக்கும் இடையில் ஐரோப்பா அல்லாடியது. தீமையின் வேர் மனிதனின் சுதந்திரமான தேர்வுக்குள்ளேயே இருக்கிறது என்று 1793இல் கான்ட் எழுதியது பெரிய பாய்ச்சல்.

சறுக்கல் 1960களில் தொடங்கியது. நாஜி அதிகாரி ஐக்மனின் விசாரணை பற்றிய ஹன்னா அரெண்டின் நூல் 1963இல் வந்தது. அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி மில்கிராம், 40 பேரில் 26 பேர் கட்டளைக்குப் பணிந்து, இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி தருவதாக நம்பி, 450 வோல்ட் விசைவரை அழுத்தினார்கள் என்று அறிவித்தார். 1971இல் ஸ்டான்ஃபோர்டில் ஸிம்பார்டோவின் சிறைச் சோதனை. மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிச் சூழலே குற்றவாளி என்று தீர்ப்பெழுதிவிட்டார்கள். அரெண்டுக்கு இது பெரும் அநியாயம். ஐக்மனுக்கு விதித்த மரண தண்டனையை ஆதரித்தவர் அவர். மில்கிராமிடம் பாதியில் மறுத்த 14 பேரும் அதே அறையில்தான் இருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் காவலர் வேடமேற்றவர்களுக்கு முன்கூட்டியே குறிப்புக் கொடுக்கப்பட்டதை ஆவணங்கள் அம்பலப்படுத்திவிட்டன. ஐக்மன் அர்ஜென்டினாவில் பேசிப் பதிவான நாடாக்களைக் கொண்டு பெட்டினா ஸ்டாங்நெத் 2011இல் காட்டியது, கொள்கை வெறி தலைக்கேறிய ஒரு நாஜியை.

இந்த இரைச்சலில் நாம் தவறவிட்டவர் மேரி மிட்ஜ்லி. போர்க்கால ஆக்ஸ்ஃபோர்டில் ஐரிஸ் மர்டாக், பிலிப்பா ஃபுட் ஆகியோருடன் படித்து, ஐம்பது வயதைத் தாண்டியபின் முதல் நூலை வெளியிட்டு, 2018இல் மறைந்தவர். தீமையைப் பற்றி 1984இல் அவர் எழுதிய ‘விக்கட்னஸ்’ இத்துறையின் ஆகத் தெளிவான நூல். தீமை தனியொரு பேய்ச்சக்தியல்ல, நம் இயல்பான உந்துதல்கள் சமநிலை இழப்பதன் விளைவு என்கிறார். அகஸ்டினின் பார்வையை உளவியலோடு இணைக்கும் இடம் இது. ஆனால் அந்த இன்மை தானாக நேர்வதல்ல. பார்க்க வேண்டியதைப் பார்க்காமலிருக்க மனிதன் உழைக்கிறான். சிந்திக்காமலிருப்பதும் அவன் செய்யும் காரியமே. அதற்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். சமூகக் காரணங்களை மிட்ஜ்லி மறுக்கவில்லை. அவற்றோடு விளக்கம் முடிந்துவிடுகிறது என்பதைத்தான் மறுத்தார்.

ஆய்வு இனிப் போகவேண்டிய திசை இதுதான்: செய்தவன் தனக்குத்தானே என்ன சொல்லிக்கொண்டான் என்ற கேள்வி. கிறிஸ்டோபர் பிரௌனிங்கின் 1992ஆம் ஆண்டு நூலில் அதற்கான சான்று குவிந்து கிடக்கிறது. 1942 ஜூலையில் போலந்தின் யூசெஃபூவில், யூதர்களைச் சுட்டுக்கொல்ல அனுப்பப்பட்ட ஜெர்மன் காவல் படையினரிடம், விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று தளபதி டிராப் அறிவித்தும், ஏறத்தாழ 500 பேரில் உடனே முன்வந்தவர்கள் பன்னிரண்டு பேர் அளவில்தான். தங்கியவர்களில் ஒருவன் குழந்தைகளை மட்டும் சுட்டதாகப் பின்னாளில் வாக்குமூலம் தந்தான்: பக்கத்திலிருந்தவன் தாயைச் சுட்டுவிட்டான், தாயில்லாமல் குழந்தை பிழைக்காது, ஆகவே தான் செய்தது ஒரு விடுவிப்பு. டிராப்பின் உத்தரவில் இந்த நியாயம் இல்லை. அவனே உண்டாக்கிக்கொண்டது.