ஐந்திணை கற்பித்தலில் படங்களின் தேர்வும் பொருத்தமும்

முன்னுரை

சங்க அகப்பாடல்களைக் கற்பிக்கும் வகுப்பறைகளில் படங்களின் பயன்பாடு பெருகியுள்ளது. சுவர்ப்படம், பாடநூல் ஓவியம், திரையில் காட்டப்படும் படவில்லை என வடிவங்கள் பலவாயினும், ஐந்திணைக்கான படத்தின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நிலக்காட்சி, ஒரு பூ, ஒரு தெய்வம், ஒரு விலங்கு, அடியில் நிலப்பெயர். பார்வைக்கு இனிதாகவும் நினைவிற்கு எளிதாகவும் அமைந்த இவ்வகைப் படம் மாணவருக்கு எதைக் கற்பிக்கிறது என்னும் வினா போதிய அளவில் எழுப்பப்படவில்லை. திணையைக் கற்பிக்கத் தேர்ந்துகொண்ட படமே திணைக் கோட்பாட்டை மறைத்துவிடும் இடங்களைச் சுட்டி, பொருத்தமான படத்தைத் தேர்வதற்கான நெறிகளை இக்கட்டுரை முன்வைக்கிறது.

படத்தின் பணி

பாடப்பகுதியில் படம் ஆற்றும் பணிகளை ஜோயல் லெவின் 1981ஆம் ஆண்டு வகைப்படுத்தினார். அலங்கரித்தல், சொன்னதை உருவாகக் காட்டல், செய்திகளை ஒழுங்குபடுத்தல், அரிய கருத்தை விளக்கல், நினைவிற்கு ஏற்ப உருமாற்றல் என்பன அவ்வகைகள். இவற்றுள் அலங்காரப் படம் கற்றலுக்குப் பெரிதும் உதவுவதில்லை என்பது அவ்வழி வந்த ஆய்வுகளின் முடிபு. ரிச்சர்டு மேயர் ஒருபடி மேற்சென்று, கவர்ச்சியாக இருந்தும் கருத்தோடு தொடர்பற்ற படம் கற்றலுக்கு இடையூறாகும் என்றார். தேவையற்றதை நீக்கலும், சொல்லையும் அதற்குரிய படத்தையும் அருகருகே வைத்தலும் அவர் வகுத்த நெறிகளுள் முதன்மையானவை.

இந்நெறிகளை இலக்கியக் கல்விக்கு அப்படியே பொருத்துவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மேயரின் தொடக்ககால ஆய்வுகள் மின்னல் தோன்றுதல், வாகனத் தடை இயங்குதல், காற்றடிக்கும் கருவி செயற்படுதல் போன்ற காரண காரியத் தொடர்களை விளக்கும் பாடங்களைக் கொண்டு நிகழ்ந்தவை. அங்கு மையக் கருத்து எது, மிகை எது எனப் பிரிப்பது எளிது. அகப்பாடலில் அவ்வாறன்று. மேலோட்டமாக அணியெனத் தோன்றும் மீனும் மாங்கனியுமே பாடலின் உட்பொருளைத் தாங்கி நிற்கக்கூடும். எனவே எதை நீக்குவது என்பதைப் படக்கோட்பாடு மட்டும் முடிவு செய்ய இயலாது. பொருளிலக்கணத்தையும் துணைக்கொள்ள வேண்டும்.

கட்டப்படமும் தொல்காப்பியமும்

தொல்காப்பியம் அகத்திணையை முதல், கரு, உரி என்னும் மூன்றால் விளக்குகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்பனவும் அவற்றின் நிமித்தங்களும் உரிப்பொருள். கட்டப்படத்தில் நிலமும் கருப்பொருளும் இடம்பெறுகின்றன. பொழுது அரிதாகவே இடம்பெறுகிறது. உரிப்பொருளோ பெரும்பாலும் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. வரைவதற்கு எளியது முன்னிற்க, இன்றியமையாதது பின்தள்ளப்படுகிறது.

உரிப்பொருள் அல்லாதவை திணைகளுக்கிடையே மயங்கலாம் என்பது தொல்காப்பியர் தரும் விதி. ஒரு நிலத்திற்குரிய பூவும் பறவையும் வேறொரு நிலத்தில் வருமாயின், வந்த நிலத்தின் பயனையே தரும் என்றும் அவர் கூறுகிறார். பூவை ஒரு கட்டத்திற்குள் நிலையாக அடைத்துவைக்கும் படம் இவ்விரு விதிகளுக்கும் இடமளிப்பதில்லை.

இதன் விளைவைக் குறுந்தொகையின் இரு பாடல்களைக் கொண்டு சோதிக்கலாம். மூன்றாம் பாடலில் மலைச்சாரல் உண்டு, கரிய கொம்புகளையுடைய குறிஞ்சிப்பூ உண்டு, தேன் உண்டு. கட்டப்படத்தை மனனம் செய்த மாணவர் அதனை எளிதில் குறிஞ்சி என்பார். செம்புலப்பெயல்நீரார் பாடிய நாற்பதாம் பாடலும் குறிஞ்சியே. ஆனால் அதில் மலை இல்லை, குறிஞ்சிப்பூ இல்லை, முருகன் இல்லை, யாமப்பொழுதும் இல்லை. உறவு ஏதுமற்ற இருவரின் நெஞ்சம் கலந்தமையே அதனைக் குறிஞ்சியாக்குகிறது. படத்தில் கண்ட பொருள்களைப் பாடலில் தேடும் மாணவர் இங்குத் திகைத்து நிற்பார். இது மாணவரின் குறையன்று. அவருக்குத் தரப்பட்ட படத்தின் குறை.

பாலைக்கு மணல்மேடு

மிகத் தெளிவான பிழை பாலைப் படத்தில் நேர்கிறது. பாலையை மணலும் மணல் சார்ந்த இடமும் எனப் பாடமாக ஒப்பிக்கும் வழக்கிலிருந்து, அலையலையான மணல்மேடுகளைக் கொண்ட பெரும்பாலைவனக் காட்சி இத்திணைக்குரிய படமாகியுள்ளது. தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. நண்பகலும் வேனிலுமாகிய பொழுதையே முதன்மைப்படுத்துகிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை உரைக்கிறது.

பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 37ஆம் பாடலில், பிடியின் பசியைப் போக்க ஆண்யானை யாமரத்தின் பட்டையை உரிக்கிறது. தலைவன் சென்ற வழியில் அக்காட்சி உள்ளது. அதனைக் காண்பவன் திரும்பி வருவான் என்பது தோழி தரும் ஆறுதல். மணல்மேட்டுப் படத்தைக் கண்ட மாணவர் இந்த யானையை எங்கு நிறுத்துவார்? மரமும் யானையும் அற்ற நிலத்தைக் காட்டிவிட்டு, மரத்தையும் யானையையும் கொண்டு அன்பைப் பேசும் பாடலை விளக்க இயலாது.

பாலைக்குப் பொருத்தமானது ஒரு படமன்று, இணைப்படம். முதுமலை போன்ற இலையுதிர் காட்டின் ஒரே இடத்தை மழைக்குப் பின்னும் கடுங்கோடையிலும் எடுத்த இரு ஒளிப்படங்களை அருகருகே வைத்தால், பாலை என்பது இடத்தின் பெயரன்று, நிலத்தின் திரிநிலை என்பது விளக்கமின்றியே புலப்படும். சேர்ந்திருந்த இருவரின் பிரிவுக்கு அத்திரிபு களனாவதையும் மாணவர் உணர்வர்.

பொருளன்று, நிகழ்வு

கருப்பொருளைக் காட்டும் படமும் பாடலுக்கு ஏற்பத் தேரப்பட வேண்டும். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2006, 2018ஆம் ஆண்டுகளில் மூணாறுப் பகுதி மலைகளில் பெருமளவில் பூத்தது. மலை முழுவதும் நீலம் போர்த்த காட்சியே இணையத் தேடலில் முதலில் கிடைக்கும். கண்ணைக் கவரும் அப்படம் குறுந்தொகை மூன்றாம் பாடலுக்குத் துணையாவதில்லை. பாடல் பேசுவது பூவின் பரப்பையன்று. கரிய கொம்பையும், பூவிலிருந்து இழைக்கப்படும் தேனையும். கொம்பும் பூவும் தேனீயும் தெரியும் அண்மைப் படமே அங்கு வேண்டுவது.

அவ்வாறே நாற்பதாம் பாடலுக்குச் செம்மண் நிலத்தின் படம் மட்டும் போதாது. உவமை மண்ணில் இல்லை. மழைநீர் தன் நிறம் இழந்து மண்ணின் நிறம் பெறும் மாற்றத்தில் உள்ளது. வறண்ட செம்மண், மழை விழும் கணம், செந்நீராய் ஓடும் நீர் என மூன்று நிலைகளைத் தொடராகக் காட்டும்போதே, பிரிக்கவியலாக் கலப்பு என்னும் பொருள் துலங்கும்.

உள்ளுறையைப் படமாக்குதல் இன்னும் நுட்பமானது. ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகை எட்டாம் பாடலில், வயலோர மாமரத்திலிருந்து கனிந்து விழும் பழத்தை வாளைமீன் கவ்வுகிறது. முயற்சியின்றியே மீனுக்குக் கனி கிடைத்தல், தலைவன் தானே பரத்தையரிடம் வந்து சேர்வதை உணர்த்தும். மருதக் கட்டத்தில் மாமரத்தையும் மீனையும் தனித்தனியே வரைவதால் இப்பொருள் பிறக்காது. பழம் விழுதலும் மீன் கவ்வுதலும் ஒரே காட்சியில் அமைய வேண்டும்; பாடலடியும் அக்காட்சியை ஒட்டியே இடம்பெற வேண்டும். தலைவனையும் பரத்தையையும் அருகில் வரைந்து அம்புக்குறியிட்டு விளக்கிவிடுதல் தகாது. புலவர் சொல்லாது விட்டதைப் படம் சொல்லிவிடின் உள்ளுறை தன் தன்மையை இழக்கும். வலப்புறத்தை வெற்றிடமாக விட்டு, அதனை நிரப்பும் பணியை மாணவரிடம் ஒப்படைத்தலே ஏற்றது.

தேர்வுக்கான நெறிகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் நெறிகளைத் தொகுக்கலாம்.

1. படத்தைத் தேடுமுன் அது ஆற்றவேண்டிய பணியை ஒரு தொடரில் எழுதிக்கொள்ளல் வேண்டும். எழுத இயலாதெனில் அப்படம் அலங்காரமே.

2. திணைக்குப் பொதுவாகவன்றிப் பாடலுக்குச் சிறப்பாகப் படத்தைத் தேர்தல் வேண்டும். கட்டப்படத்தைப் பயன்படுத்தின், அதற்கு அடங்காத பாடல் ஒன்றையும் உடன் கற்பித்தல் வேண்டும்.

3. பொருளைவிட நிகழ்வையும், நிலையைவிட மாற்றத்தையும் காட்டும் படத்திற்கு முன்னுரிமை தரல் வேண்டும்.

4. இயற்கைப் படங்களுக்கு இடம், பருவம், தாவர அல்லது விலங்கினப் பெயர் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். இக்குறிப்பற்ற ஒளிப்படம், கூற்றுக்குறிப்பு இழந்த அகப்பாடலை ஒத்தது.

5. நிறத்தை மட்டும் நம்பித் திணைகளை வேறுபடுத்தல் கூடாது. கருப்பு வெள்ளை நகலில் அவ்வேறுபாடு மறைந்துவிடும். பார்வைக் குறைபாடுடைய மாணவருக்காகப் படத்தின் சொல்வழி விளக்கமும் இணைக்கப்பட வேண்டும்.

முடிவுரை

ஐந்திணைக் கட்டப்படம் முழுவதும் விலக்கத்தக்கதன்று. கருப்பொருள்களை ஒழுங்குபடுத்தும் தொடக்கநிலைப் பட்டியலாக அதற்குப் பயனுண்டு. அதனையே திணைக் கோட்பாடாகக் கொள்ளும்போது, மனித உறவின் ஐந்து நிலைகளைப் பேசும் இலக்கணம் ஐந்து நிலக்காட்சிகளின் தொகுப்பாகக் குறுகிவிடுகிறது. பள்ளியில் பதிந்த அப்படம் முதுகலை வகுப்பு வரை மாணவரோடு வருகிறது. பாடலைப் படிக்குமுன்பே அதன் திணையை முடிவு செய்துவிடுகிறது. ஆதலின் படத்தேர்வைப் பாடம் முடிந்தபின் செய்யும் ஒப்பனையாகக் கருதாது, உரை எழுதுதலுக்கு நிகரான பொருள்கோள் பணியாகக் கொள்ளுதல் தமிழாசிரியர்க்கு உரிய கடமையாகும்.