திரைப்பட விழாவுக்குப் போகும் தோட்டத்து ரசிகருக்கு

எட்டியாந்தோட்டையைக் கடந்து மலையேறும் பாதையில், களனி கங்கை பாறைகளின்மேல் நுரைத்துப் பாயும் கித்துல்கலையில், டேவிட் லீன் என்னும் ஆங்கிலேய இயக்குநர் மெய்யாகவே ஒரு மரப்பாலத்தைக் கட்டி, அதன்மேல் ரயிலை ஓடவிட்டு, வெடிவைத்துத் தகர்த்துப் படமெடுத்தார் என்பதும், 1957இல் வெளிவந்த அந்த ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ ஏழு ஆஸ்கார் விருதுகளை வென்றது என்பதும் சப்பிரகமுவத் தோட்டங்களின் சினிமாப் பிரியர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் விஷயங்கள். நம்முடைய ஆறு அந்தப் படத்தில் தாய்லாந்து ஆறாக வேஷம் தரித்தது. கரையில் வாழ்ந்த நம் ஜனங்களுக்கோ கதையில் இடமிருக்கவில்லை. ஒரு பிரதேசத்தின் அழகு திரையேறும்போது அதன் மனிதர்கள் வெளியே நின்றுவிடக்கூடும் என்பதைச் சொந்த ஊரிலேயே கண்டறிந்த ரசிகர், சர்வதேசத் திரைப்பட விழாவொன்றுக்கு வேறெவரையும்விடத் தகுதியானவர் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கொழும்பில் அவ்வப்போது நடக்கும் விழாக்களுக்கு இரத்தினபுரியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பஸ் பிரயாணம். 2015இல் ஆரம்பமான யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவுக்குப் போவதென்றால் கொழும்பிலிருந்து இன்னும் 400 கிலோமீட்டர் வடக்கே செல்ல வேண்டும். ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழந்து, பஸ் கட்டணமும் கொடுத்துப் போகிறவர், நிகழ்ச்சி நிரலிலுள்ள எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பே. ஆயினும் ஒரு தினத்துக்கு இரண்டு படங்கள் போதும். மூன்றாவது படம் முதலாவதை மனத்திலிருந்து கலைத்துவிடும். கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே இராக்காட்சியில் உட்கார்ந்திருப்பதிலும் பயனில்லை; ஆகவே காலைக் காட்சியையும் பிற்பகல் காட்சியையும் தெரிந்தெடுத்துக்கொள்ளலாம்.

எப்படித் தெரிந்தெடுப்பது? நட்சத்திரத்தின் பெயரைப் பார்த்தே டிக்கெட் வாங்கிப் பழகிய நமக்கு விழாவின் நிரலில் தெரிந்த முகம் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். அப்போது இயக்குநரின் பெயரையும், தேசத்தையும், கதைச் சுருக்கத்தையும் நிதானமாக வாசித்து, நமக்கு அந்நியமான தேசத்துப் படம் ஒன்றையும் சிங்களப் படம் ஒன்றையும் குறித்துக்கொள்வது நல்லது. கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் கற்ற சிங்களம் இங்கே பெருஞ்செல்வமாகிறது: வெளிநாட்டு விருந்தினர் ஆங்கில எழுத்துக்களில் தேடும் பரிவையும் கோபத்தையும் நாம் குரலிலேயே பிடித்துக்கொள்கிறோம். பிற மொழிப் படங்களில் அடியில் ஓடும் வரிகளுக்கு அஞ்சவேண்டியதில்லை. மண்டபத்தின் நடுவரிசைகளில் அமர்ந்து, வரியை விரைந்து நோக்கிவிட்டு உடனே முகத்துக்குத் திரும்ப வேண்டும். ஒன்றிரண்டு வரிகள் தப்பினாலும் பாதகமில்லை, முகம் தப்பலாகாது.

பலரைத் தோற்கடிப்பது மௌனந்தான். 2005இல் கான் விழாவில் கேமரா டோர் பரிசைப் பகிர்ந்துகொண்ட விமுக்தி ஜயசுந்தரவின் ‘சுலங்க எனு பினிச’வில் சம்பாஷணை மிகச் சொற்பம், வெட்டவெளியும், காற்றும், ஏதோ நிகழக் காத்திருக்கும் மனிதர்களுமே நெடுநேரம் திரையை நிரப்புகிறார்கள். பாட்டும் சண்டையும் எதிர்பார்த்து வந்தவர் கால்மணி நேரத்தில் எழுந்துவிடுவார். அவருக்கு நான் சொல்லக்கூடியது இதுவே: எதுவும் நடக்கவில்லை என்று தோன்றும் இடத்தில், இயக்குநர் எதைக் காட்டாமல் வைத்திருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ரப்பர் பால்வெட்டு நின்ற நாளில் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, காத்திருத்தல் என்பது யுத்தத்தைப்போல் ஒரு பெரிய அனுபவம் என்று எவரும் விளக்கத் தேவையில்லை. 1965இல் டில்லி சர்வதேச விழாவில் தங்க மயில் விருதைப் பெற்ற லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘கம்பெரலிய’வும், அடக்கிப் பேசுகிற முகங்களாலேயே ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியை உணர்த்துகிற படம்.

எந்த நாட்டுப் படமாயினும் அதன் நிலக்காட்சியில் வேலை செய்கிறவர்கள் யார், காமரா அவர்கள்மீது எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கவனிக்கப் பழகவேண்டும். நம் ஜனங்களின் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவர ‘தோட்டக்காரி’ 1963இலும், தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’ 1975இலும் முயன்றன. 2023இல் பூசான் விழாவில் கிம் ஜிசோக் விருதை வென்ற பிரசன்ன விதானகேயின் ‘பாரடைஸ்’, 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது மலையகத்துக்கு உல்லாசப் பயணமாக வரும் கேரளத் தம்பதியின் உடைமைகள் களவுபோவதையும், சந்தேகம் தோட்டத்துத் தமிழர்மேல் விழுவதையும் காட்டுகிறது. அதைப் பார்க்க வாய்த்தால், தம்பதியின் பிணக்கில் ஒரு கண்ணும், அந்தத் தொழிலாளரின் முகங்களில் ஒரு கண்ணும் வைத்துப் பாருங்கள். நகரத்து விமரிசகர் காணாத இரண்டாவது படமொன்று உங்களுக்கு அங்கே கிடைக்கும்.

படம் முடிந்ததும் அடுத்த மண்டபத்துக்கு ஓடாதீர்கள். இயக்குநர் மேடைக்கு வந்து சபையோரோடு உரையாடும் வழக்கம் விழாக்களில் உண்டு. சாதாரணக் கொட்டகையில் எக்காலத்திலும் கிடைக்காத பாக்கியம் அது. அதற்காக ஒரு படத்தை இழந்தாலும் நஷ்டமில்லை. ஆங்கிலம் வராதே என்று தயங்காமல் தமிழில் கேளுங்கள். மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் முன்வருவார். காவத்தையிலிருந்தோ தெரணியகலையிலிருந்தோ வந்திருக்கிறேன் என்று ஊர்ப்பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.