தபால்காரர் கொண்டுவந்த திருத்தங்கள்

வரலாறு எழுதும் பத்திரிகையாளரை நாம் ஒன்றில் தலையில் தூக்கி வைப்போம். இல்லாவிட்டால் "அதெல்லாம் பேப்பர்க் கதை" என்று தள்ளிவிடுவோம். 2019 ஏப்ரலில் காலமான எஸ். முத்தையா விடயத்தில் இந்த இரண்டுமே சரிவராது.

கொழும்பில் 'டைம்ஸ் ஒஃப் சிலோன்' பத்திரிகையில் 1951 முதல் 17 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 1968இல் சென்னைக்குப் போனவர் அவர். 1981இல் 'மெட்ராஸ் டிஸ்கவர்ட்' வெளிவந்தது. சிறிய நூலாகத் தொடங்கிய அது, பின்னர் 'மெட்ராஸ் ரீடிஸ்கவர்ட்' என்று பெயர் மாறி, பதிப்புக்குப் பதிப்புப் பெருத்தது. 1991இல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழைத் தொடங்கினார். 1999 முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் 'த ஹிந்து'வில் வாரப் பத்தி எழுதினார். இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் பற்றி 'த இந்தோ-லங்கன்ஸ்' என்ற பெருநூலையும் தந்தார்.

அடிக்குறிப்பு இல்லை, மூலம் சொல்லவில்லை என்று ஆய்வாளர்கள் குறைப்படுவது நியாயம்தான். ஆனால் அவர் பத்தியில் வாசகர் கடிதத்துக்கென்று ஒரு பகுதி இருந்தது. ஆண்டு பிழை, ஆள் பிழை என்று யாரும் எழுதினால், அதையும் அதே இடத்தில் போட்டார். அடிக்குறிப்பு செய்ய வேண்டிய வேலையில் பாதியைத் தபால்காரர் செய்தார் எனலாம்.

அவருடைய பெரிய குறை வேறு. அவர் காட்டும் சென்னை பெரும்பாலும் 1639க்குப் பிந்திய, கோட்டைக்காரரின் சென்னை. ஆங்கிலத்தில் ஆவணம் விட்டுப்போனவர்கள் நிறைய வருகிறார்கள். மூட்டை சுமந்தவர்கள் அவ்வளவாக வருவதில்லை. ஸ்பென்சர் போன்ற கம்பனிகளின் வரலாற்றை எழுதும்போது இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. கடிதம் எழுதித் திருத்தக்கூடியவர்களும் ஆங்கிலப் பத்திரிகை வாசித்தவர்கள்தானே!

எங்கட ஊர் வரலாறுகளுக்கு இதில் பாடம் உண்டு. பள்ளிவாசல் மலரிலும் பாடசாலை மலரிலும் வருகின்ற ஊர்க் கதை ஒருமுறை அச்சானால் அச்சானதுதான். எந்தக் குடி முதலில் வந்தது, காணியை வக்பு செய்தது யார் என்பதில் மாற்றுக் கதை வைத்திருக்கும் மூத்தம்மாவிடம் யாரும் போய்க் கேட்பதில்லை. அடுத்த மலர்க்காரரும் பழையதையே பார்த்து எழுதுவார். மலர் போடுகின்றவர்கள் அடுத்த வெளியீட்டில் திருத்தங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கட்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்வதையும் கேட்டு அதில் சேர்த்தால், முத்தையா விட்ட இடத்தை நாம் நிரப்பியதாகும்.