வால்டோர்ஃபில் வாய் திறந்த 'கே'

பேரன் சைக்கிளிலிருந்து விழுந்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு "தாத்தா, க்னீ! க்னீ!" என்று ஒரே அழுகை. மருந்து தேட வேண்டிய நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். க்னீயா? முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து, "நீ என்று சொல்லுடா, கே சைலன்ட்" என்று எத்தனை காதைத் திருகியிருப்பேன்! ஜெர்மனியில் அந்தக் 'கே' சைலன்ட்டே இல்லையாம்.

மகளுக்கு இங்கே வால்டோர்ஃபில் சாஃப்ட்வேர் வேலை. எஸ்ஏபி கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊர். வீட்டைப் பார்க்க வந்தவன், அன்றிலிருந்து பேரனின் ஜெர்மன் படப்புத்தகத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

இரவுக்கு ஒரு நைட், குதிரை வீரனுக்கு ஒரு நைட். இரண்டும் காதுக்கு ஒன்றுதான். எழுத்துக்கூட்டினால் வீரனுக்கு முன்னால் ஒரு 'கே', இரண்டுக்கும் நடுவில் ஒரு 'ஜி எச்'. எதற்கென்று கேட்ட மாணவனை பெஞ்சில் ஏற்றியிருக்கிறேன், பாவம். ஜெர்மனில் இரவு 'நஃட்'. 'க்னெஃட்' என்றால் பண்ணையாள். நம் எஃகில் வரும் ஆய்தம் போல அந்த 'ஜி எச்' உரசுவதை நீங்கள் கேட்க வேண்டும், அடடா! இங்கிலீஷ் 'நைட்'டும் முதலில் வேலைக்காரப் பையன்தான், பிறகுதான் குதிரை ஏறினான். காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரம் கொண்டுவந்தபோதுகூட அந்தக் 'கே' வாயில் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் வாய் அதை விட்டது. அச்சு விடவில்லை.

மான் என்னும் 'டியர்' இன்னும் அற்புதம். ஜெர்மன் 'டீயர்' எந்த மிருகத்துக்கும் பொது. பழைய இங்கிலீஷிலும் அப்படித்தான். பிறகு சுருங்கி மானாயிற்று. நம் மிருகசீரிடத்தில் மிருகம் என்பது மான்தானே! படித்துக்கொண்டிருந்தவன் எழுந்து கைதட்டிவிட்டேன்.

இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு கூத்து உண்டு. 1763-இல் இங்கே பிறந்த யோஹான் யாக்கோப் ஆஸ்டர் அமெரிக்கா போய்த் தோல் வியாபாரத்தில் பெரும் பணக்காரரானார். அவருடைய கொள்ளுப்பேரன் 1893-இல் நியூயார்க்கில் திறந்ததுதான் வால்டார்ஃப் ஹோட்டல். கடல் தாண்டியதில் ஒரு 'எல்' காணாமல் போய், 'டபிள்யூ'வும் உதட்டைக் குவித்துக்கொண்டது. இங்கே அது சுத்தமான 'வ'. இரண்டைக் குறிக்கும் 'டூ'வில் ஊமையாய் உட்கார்ந்திருக்கிறதே ஒரு 'டபிள்யூ', அதுவும் இங்கே 'ட்ஸ்வை' என்று கணீரென்று பேசுகிறது!

நேற்று சந்தையில் வெள்ளை ஆஸ்பரகஸ் குவித்திருந்தார்கள். விலையைப் பார்த்த மகள், "ரொம்ப டொய்யர்ப்பா, வேண்டாம்" என்றாள்.

"டியர்!" என்று கத்திவிட்டேன். "அன்புள்ள டியர்! டூ டியர் என்று விலைக்குச் சொல்வோமே, அதே டியர்!"

கடைக்காரம்மா தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து ஒரு கட்டைத் தூக்கி நிறுக்கப் போய்விட்டார்.