நீயா, நீங்களா: தமிழ் காமிக்ஸின் இணைகள்

படூரில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு. கேளம்பாக்கத்து உப்பங்காற்றில் பழைய காமிக்ஸ்களின் பின்கள் துருவேறி, நடுப்பக்கத்தில் செம்பழுப்பாகக் கறை கட்டியிருக்கின்றன. போன வாரம் அவற்றைத் தட்டித் துடைத்தபோதுதான் கவனித்தேன்: நாயகர்களில் பலருக்குப் பக்கத்திலேயே நேரெதிரான ஒருவர் நிற்கிறார்.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸைத் தொடங்கிவைத்த இரும்புக்கை மாயாவி தனியாள். ஆனால் மாண்ட்ரேக்குக்கு லொதார் இருந்தார். ஒருவர் கையசைத்து மயக்கும் மந்திரவாதி, மற்றவர் மலையைப் புரட்டும் பலசாலி. லீ ஃபாக் 1934இல் படைத்த இந்த இணையை உலகின் முதல் சூப்பர்ஹீரோ கதைகளில் ஒன்றாகச் சொல்வோர் உண்டு. ஆரம்பத்தில் லொதார் சிறுத்தைத் தோல் உடுத்து, அரைகுறை ஆங்கிலம் பேசும் வேலைக்காரர். பிறப்பால் இளவரசரான ஒருவரை அப்படி வரைந்தது அந்தக் காலத்தின் நிறவெறிதான். 1965இல் ஃப்ரெட் ஃப்ரெடரிக்ஸ் ஓவியப் பொறுப்பேற்ற பிறகே லொதாருக்கு நல்ல உடையும் திருத்தமான பேச்சும் கிடைத்தன.

இங்கேதான் தமிழின் சிக்கல் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் யாரை அழைத்தாலும் முன்னிலைக்கு ஒரே சொல். தமிழில் மொழிபெயர்ப்பவர் பலூனுக்குப் பலூன் முடிவெடுக்க வேண்டும்: லொதார் மாண்ட்ரேக்கை 'நீ' என்பாரா, 'நீங்கள்' என்பாரா? 'நீங்கள்' என்றால் பழைய அடிமைத்தனம் தமிழிலும் ஒட்டிக்கொள்ளும். 'நீ' என்றால் இருவரும் நண்பர்கள். ஓவியத்தில் ஒரு கோடு மாறாமலே உறவு மாறிவிடும்.

1984இல் எஸ். விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸ் இதைவிட விசித்திரமான கூட்டணிகளைக் கொண்டுவந்தது. ஸ்பைடர் தன்னை உலகின் தலைசிறந்த குற்றவாளியாகக் கருதிய ஆணவக்காரன். பூட்டுத் திறக்கும் ஆர்டினியையும் விஞ்ஞானி பெல்ஹாமையும் சேர்த்துக்கொண்டு திருடத் தொடங்கியவன், பிறகு நல்லவர் பக்கம் வந்தான். அவனுடைய கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். தற்பெருமை பேசும் இயந்திர மனிதன் ஆர்ச்சியோடு அல்லாடிய தாம்ஸனும் விக்டரும் இன்னொரு வகை.

எனக்கு மிகவும் பிடித்த இணை சூப்பர்ஹீரோ கணக்கில் வராதது: மாடஸ்டி, வில்லி கார்வின். பீட்டர் ஓ'டானல் 1963இல் எழுதத் தொடங்கிய இக்கதைகளில் கட்டளையிடுபவள் பெண். அவளை 'இளவரசி' என்று அழைத்து உயிரையும் கொடுக்கத் துணிபவன் ஆண். காதலில்லாத அந்த நட்பை எழுபதுகளின் தமிழ் சினிமாகூட இவ்வளவு இயல்பாகக் காட்டவில்லை என்பேன்.

உங்கள் பரணிலும் பழைய மாண்ட்ரேக் கதை இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். லொதார் வாயில் 'நீ' இருக்கிறதா, 'நீங்கள்' இருக்கிறதா என்று பார்த்து, வெளியான ஆண்டோடு குறித்து வையுங்கள்.